அண்டைப் பல்

மனித வாயில் கடைசியாக முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப்பல், தமிழில் ஞானப்பல் எனப்படுவது, பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஏனைய நிலைப்பற்கள் யாவும் தத்தம் இடத்தை எடுத்துக்கொண்டு சில ஆண்டுகள் கழிந்த பிறகே வெளிவருவதால், அதற்கென்று தாடையில் மிஞ்சும் இடம் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. இடம் போதாதபோது அப்பல் எலும்புக்குள்ளேயே தங்கிவிடுவதும், ஈறைப் பாதி கிழித்துக்கொண்டு நின்றுவிடுவதும், முன்பக்கமாகச் சாய்ந்து தனக்கு முன்னால் நிற்கும் பல்லின்மேல் மோதுவதும் உலகெங்கும் காணப்படும் செய்திகளாகும். இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஞானப்பல்லின் வலியோடு முடிந்துபோகிறது. ஆனால் பத்து, இருபது ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போது பெரிய இழப்பு அதற்கு முன்னால் நிற்கும், 12 வயதை ஒட்டி முளைத்து உணவை அரைக்கும் வேலையில் பெரும்பங்கு ஏற்றிருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கே நேர்கிறது என்பதை, 1980களின் நடுவில் மயிலம் தமிழ்க் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்களின் பிற்கால வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. இக்கட்டுரையாளர் அவ்விடுதியில் இருந்தவர்களுள் ஒருவர்.

மயிலம் அந்நாளில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான். மயில் வடிவக் குன்றின்மேல் முருகன் கோயிலும், அக்கோயிலை நிருவகிக்கும் பொம்மபுர ஆதீனமும், ஆதீனத்தின் ஆதரவில் 1938இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீமத் சிவஞான பாலய சுவாமிகள் தமிழ்க் கல்லூரியும் ஊரின் மூன்று முகங்களாக விளங்கின. தீவனூர், ரெட்டணை, வீடூர் முதலிய சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் செஞ்சி, வந்தவாசிப் பக்கங்களிலிருந்தும் வந்து புலவர் வகுப்பிலும் இளங்கலை வகுப்பிலும் சேர்ந்த மாணவர்களின் வயது ஞானப்பல் முளைக்கும் வயதோடு சரியாகப் பொருந்தியிருந்ததால், விடுதியின் எந்த அறையிலும் ஆண்டுக்கு ஒருவராவது கன்னம் வீங்கிப் படுத்திருப்பது வழக்கமாயிற்று. முருகன் ஞானப்பழம் கேட்டுக் கோபித்துக்கொண்ட கதையை இதனோடு முடிச்சுப் போட்டு, பழம் கிடைக்காதவர்களுக்கு ஆண்டவன் பல்லைக் கொடுத்துவிட்டான் என்று சொல்லிச் சிரித்த ஆசிரியர்களும் உண்டு. வாயைத் திறக்க முடியாமல் தவித்த மாணவர்கள் அந்நகைச்சுவையில் கலந்துகொண்டதாக நினைவில்லை.

அதே காலத்தில் அம்மாணவர்களின் தாத்தாக்கள் பலர் நான்கு ஞானப்பற்களும் நேராக முளைத்து நிற்க, பற்களின் மேல்பரப்பு தேய்ந்து தட்டையாகியும், அறுபது வயதுக்கு மேலும் பட்டாணியைக் கடித்துத் தின்றனர் என்பது அக்காலத்தில் எவர் கவனத்தையும் ஈர்க்காத ஒரு முரண். கல்லுரலில் அரைத்த மாவிலும் திரிகையில் உடைத்த கேழ்வரகிலும் கலந்துவந்த நுண்மணல், பற்களின் மேல்பரப்பை மட்டுமன்றி ஒரு பல்லும் அடுத்த பல்லும் தொட்டுக்கொள்ளும் பக்கவாட்டுப் பரப்பையும் ஆண்டாண்டாகத் தேய்க்கிறது. அவ்வாறு தேயும்போது பற்கள் யாவும் சிறிது சிறிதாக முன்னோக்கி நகர, வரிசையின் கடைசியில் ஞானப்பல்லுக்கு இடம் பிறக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பல்சீரமைப்பு மருத்துவராக இருந்த பெக் என்பவர், அந்நாட்டுத் தொல்குடியினரின் பற்களை ஆராய்ந்து 1954இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்வாறான தேய்மானத்தையே இயல்பு நிலை எனக் கொண்டு, தேயாத பல்வரிசையை நாகரிகத்தின் விளைவாகக் கண்டார். தாடை எலும்பின் வளர்ச்சியே சிறுவயதில் மெல்லும் உழைப்பைப் பொறுத்தது என்று கருதும் ஆய்வாளர்களும் உளர். இவ்விளக்கங்களுள் எதுவும் முழுமையானதெனச் சொல்ல இயலாது. மரபணுவின் பங்கும் பெரிது, உலக மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதேயில்லை. எனினும் இயந்திரத்தில் அரைத்த மாவில் சுட்ட இட்டிலியையும் குழைந்த சோற்றையும் உண்டு வளர்ந்த பேரன்மாரின் தாடையில் இடநெருக்கடி மிகுந்திருந்தது கண்கூடு.

பாதி முளைத்த ஞானப்பல்லின் தலையை மூடி நிற்கும் ஈறுத் துண்டினடியில் உணவுத் துகள் புகுந்து, அங்கே காற்றில்லாச் சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகுவதால் உண்டாகும் அழற்சியே விடுதியில் அடிக்கடி கண்ட நோயாகும். ஈறு வீங்கும், வீங்கிய ஈறின்மேல் மேல்வரிசைப் பல் கடிபடும், கடிபட்ட இடம் மேலும் வீங்கும், மெல்லும் தசைகள் இறுகி வாய்திறப்பு இரண்டு விரல் அகலத்துக்கும் குறையும். இவ்வீக்கத்துக்கு ஊர் விளைச்சலும் துணைசெய்தது: மயிலம் அடங்கிய திண்டிவனம் வட்டாரம் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் பூமி. நகரத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்து, டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கிய நிலக்கடலை இரகங்களை நாடு முழுவதுக்கும் கொடுத்த மண் அது. மார்கழிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை பங்குனியில் பிடுங்கப்படும்போது விடுதிக்கு மூட்டை மூட்டையாக வந்து சேரும். வறுத்தும் அவித்தும் வெல்லப்பாகில் உருட்டியும் தின்ற அப்பருப்பின் நொறுங்கல்கள் ஈறுத் துண்டினடியில் போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே அமைந்தவை போலிருக்கும். பங்குனி உத்திரத் தேரோட்டமும், மல்லாட்டை அறுவடையும், பல்கலைக்கழகத் தேர்வு நெருங்குவதால் வரும் உறக்கமின்மையும் ஒரே மாதத்தில் கூடியதனால் அம்மாதத்தில் வீங்கிய கன்னங்கள் மிகுந்தன என்பது கட்டுரையாளரின் கணிப்பு. அறிவியல் முறையில் எண்ணிப் பார்த்த முடிவன்று.

வைத்தியம் அறையிலேயே நடந்தது. வெந்நீரில் கல்லுப்பைக் கரைத்துக் கொப்பளிப்பது, கிராம்பை நசுக்கி ஈறில் அடக்கிக்கொள்வது, கூட்டேரிப்பட்டு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரைகளை வீக்கம் வடியும்வரை மட்டும் விழுங்குவது என்ற மூன்று படிகளுக்குள் அது அடங்கியது. ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த பாட்டிமார் பல்லில் பூச்சி இருப்பதாகக் கொண்டு, கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு அதன் புகையை வாய்க்குள் பிடிக்கச் சொன்னதும் உண்டு. இவற்றுள் வெந்நீரும் உப்பும் ஓரளவு பயன் தரக்கூடியவை. கிராம்பிலுள்ள யூஜினால் என்ற பொருள் வலிக்கும் இடத்தை மரக்கச் செய்வது. மாத்திரைகள் நுண்ணுயிர்களை அடக்குபவை. வலி இவ்வாறு நான்கைந்து நாளில் தணிந்துவிடுவதுதான் பிற்காலத் தீங்கிற்கெல்லாம் வித்தாயிற்று. ஏனெனில் சாய்ந்து நிற்கும் பல் நேராகிவிடவில்லை, இடுக்கும் மூடிக்கொள்ளவில்லை; வலியென்ற ஒரே அறிவிப்பு மட்டும் நின்றுபோயிற்று.

கட்டுரையாளரின் அறைத்தோழர் ஒருவர், ரெட்டணைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர், இவ்வாறு இரண்டாமாண்டில் தொடங்கி ஆண்டுக்கு இருமுறையேனும் இடப்பக்கக் கீழ்த்தாடை வீங்கித் துன்புற்றார். பல் மருத்துவரிடம் போவதென்றால் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்து ஏற வேண்டும். அறுவை முறையில் எடுக்க வேண்டிய பல்லென்றால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போவதே எல்லாரும் அறிந்த வழி. அக்காலத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி சென்னையில்தான் இருந்தது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் தோன்றியிருந்தது. புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி பெயரிலான கல்லூரி 1990இல்தான் வந்தது. மாசி மகத்தன்று மயிலம் முருகன் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது ஊரே புதுச்சேரிக்குப் போய்த் திரும்பியது. ஆதலால் தொலைவு மட்டுமே தடையென்று சொல்ல இயலாது. வலியிருக்கும்போது வாய் திறக்கவில்லை, வாய் திறந்தபோது வலியில்லை. வலியில்லாத பல்லுக்காக ஒரு நாள் கூலியை இழந்து மகனோடு பேருந்து ஏறத் தகப்பனார் எவரும் ஒப்பவில்லை. அறைத்தோழரும் அவ்வாறே பட்டம் பெற்று, ஆசிரியர் பயிற்சி முடித்து, பணியில் அமர்ந்தார்.

இவ்விடத்தில் சாய்ந்த ஞானப்பல் தன் அண்டைப் பல்லுக்கு இழைக்கும் தீங்கின் வழிமுறையைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். பல்லின் வெளியே தெரியும் பகுதியை எனாமல் என்னும் கடினமான போர்வை மூடியிருக்கிறது. அது ஈறின் விளிம்பை ஒட்டிப் பல்லின் கழுத்தில் முடிந்து, அதற்குக் கீழே வேரை மெல்லிய சிமெண்டம் படலம் மட்டுமே போர்த்தியிருக்கிறது. முன்சாய்ந்த ஞானப்பல்லின் தலை சரியாக இக்கழுத்தில்தான் முட்டுகிறது. முட்டும் இடத்துக்குக் கீழே உண்டாகும் ஆப்பு வடிவ இடுக்கில் உணவும் நுண்ணுயிர்ப் படலமும் தங்குகின்றன. பல்துலக்கியின் நார் அவ்வளவு பின்னால் எட்டுவதில்லை, வேப்பங்குச்சி எட்டவே எட்டாது. சர்க்கரையிலிருந்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம், எனாமலைவிட எளிதில் கரையக்கூடிய வேர்ப்பரப்பை அரித்து, அண்டைப் பல்லின் பின்புறத்தில், கண்ணாடிக்கும் நாக்குக்கும் தட்டுப்படாத இடத்தில் சொத்தையை உருவாக்குகிறது. அந்த இடத்திலிருந்து உள்ளே இருக்கும் பற்கூழ், அதாவது நரம்பும் இரத்தக் குழாயும் அடங்கிய மென்திசு, அதிகத் தொலைவில் இல்லாததால், மேல்பரப்பில் கறுப்புப் புள்ளிகூடத் தோன்றாத ஒரு பல் திடீரென ஒருநாள் இரவில் உயிர் போகும் வலியைக் கொடுக்கிறது. ஞானப்பல் அங்கே நிற்கும்வரை அச்சொத்தையைச் சுரண்டி அடைக்கக் கருவி நுழைய வழியில்லை. ஞானப்பல்லை எடுத்த பின்னரும் ஈறுக்குக் கீழே, ஈரம் வற்றாத இடத்தில் அடைப்பு நிலைப்பது கடினம்.

சொத்தை ஏற்படாதவர்களுக்கும் வேறொரு தேய்வு காத்திருக்கிறது. இரண்டு பற்களுக்கும் இடையிலுள்ள எலும்புச் சுவர் நாட்பட்ட அழற்சியால் உருகி இறங்க, அண்டைப் பல்லின் பின்னால் ஆழமான ஈறுப்பை உண்டாகிறது. இளமையில் ஞானப்பல்லை எடுத்துவிட்டால் அக்குழியில் எலும்பு பெருமளவு திரும்ப வளர்கிறது. 25 வயதைத் தாண்டியவர்களுக்கு அவ்வளர்ச்சி குறைந்து, ஈறுப்பை அப்படியே நின்றுவிட வாய்ப்பு மிகுதி என்பதை சுவீடனைச் சேர்ந்த குகெல்பெர்க் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அரிதாக, முட்டும் பல்லின் அழுத்தம் அண்டைப் பல்லின் வேரையே கரைப்பதும், எலும்புக்குள் புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளர்வதும் நேரும். இவற்றோடு ஒப்பிடுகையில் எலும்பால் முழுதும் மூடப்பட்டு வாயோடு தொடர்பே இல்லாமல் கிடக்கும் ஞானப்பல் பொதுவாகச் சாதுவானது. தீங்கின் பெரும்பகுதி பாதி வெளிவந்து பாதி மறைந்து நிற்கும் பல்லிடமிருந்தே வருகிறது.

அறைத்தோழருக்கு நேர்ந்தது இவ்விளக்கத்தோடு வரிக்கு வரி பொருந்தியது. 1990களின் நடுவில், முப்பதை நெருங்கும் வயதில், அவருக்கு இரவு வலி கண்டது. நெடுஞ்சாலையோர ஊரொன்றின் சிறு மருத்துவமனையில் தட்டிப் பார்த்து, தட்டும்போது வலித்த பல்லைப் பிடுங்கிவிட்டனர். வலித்தது இரண்டாம் கடைவாய்ப்பல், பிடுங்கப்பட்டதும் அதுவே. சாய்ந்து கிடந்த ஞானப்பல்லை எடுக்க ஈறைக் கிழித்து எலும்பைக் குடைய வேண்டும், நேராக நிற்கும் பல்லையோ குறட்டால் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம் என்ற வசதியும் அதில் கலந்திருக்கக்கூடும். குற்றம் செய்த பல் இருந்த இடத்திலேயே இருக்க, முப்பது ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டிய பல் போயிற்று. பின்னாளில் அந்த இடைவெளியை நோக்கி ஞானப்பல் மேலும் சாய்ந்துபோக, எதிரே மேல்வரிசைப் பல் பிடிப்பின்றிக் கீழிறங்க, இடப்பக்கம் மெல்லுவதையே அவர் விட்டுவிட்டார்.

இதே காலத்தில் மேலை நாடுகளில் எதிர்த்திசையில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. வலியோ நோயோ இல்லாத ஞானப்பற்களை முன்கூட்டியே எடுத்துவிடும் வழக்கம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெருகியிருந்ததால், தேவையற்ற அறுவையும் செலவும் குறித்துக் கேள்வி எழுந்தது. பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2000ஆம் ஆண்டு மார்ச்சில், நோயற்ற ஞானப்பற்களைத் தடுப்பு நோக்கில் எடுப்பதைப் பொது மருத்துவச் சேவையில் நிறுத்தவேண்டும் என்று வழிகாட்டியது. அமெரிக்காவின் ஜே ஃப்ரீட்மன் 2007இல் இத்தகைய பிடுங்கலைப் பொதுநலத்துக்கே கேடு என எழுதினார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்போ, 2020 வரை வெளியிட்ட மதிப்பீடுகளில், எடுப்பது நன்றா விடுவது நன்றா என்று தீர்க்கப் போதிய சான்று இல்லையென்றே திரும்பத் திரும்பக் கூறியது. பிரிட்டனில் வழிகாட்டுதலுக்குப் பின் ஞானப்பல் எடுக்கப்படுவோரின் சராசரி வயது இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்கு நகர்ந்தது. எடுக்கப்படும் காரணங்களில் சொத்தையின் பங்கு ஏறியது.

எடுக்காமல் விட்டுக் கண்காணிக்கலாம் என்னும் அறிவுரை கேட்பதற்கு நடுநிலையானதாகத் தோன்றினாலும், அதற்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: நோயாளி வலியில்லாதபோதும் திரும்பி வருவார், அவர் வரும்போது அதே மருத்துவர் இருப்பார், பழைய படம் கையில் இருக்கும் என்பது. தெருவுக்கொரு பதிவு பெற்ற மருத்துவரும் ஆண்டுதோறும் பல் காட்டும் பழக்கமும் உள்ள நாட்டில் அவ்வூகம் ஓரளவு செல்லும். விதைப்பு, அறுப்பு, தேர்வு, திருமணம், வேலை தேடி வெளியூர் என்று ஓடும் மயிலத்துப் பக்கத்து வாழ்வில் கண்காணிப்பு என்பது பெரும்பாலும் கைவிடுதலாகவே முடிந்தது. வழிகாட்டுதல் பிழையென்று கட்டுரையாளர் கருதவில்லை. அது எந்த ஊருக்கு எழுதப்பட்டதோ அந்த ஊரின் பேருந்து நேரங்களோடு சேர்த்துப் படிக்கத்தக்கது என்பதே அவர் கருத்து.

அதற்காக நான்கையும் எடுத்துவிடுவதே அறிவுடைமை என்று கொள்ளவும் இடமில்லை. கீழ்த்தாடை எலும்பினுள் ஒரு கால்வாய் வழியே ஓடும் நரம்பு, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் தொடு உணர்வைத் தருகிறது. ஞானப்பல்லின் வேர் நுனி சிலருக்கு அக்கால்வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கட்டுரையாளரின் அத்தை மகன் ஒருவர் பல் எடுத்த பின் பல மாதங்கள் கீழுதடு மரத்து, தேநீர் வழிவது தெரியாமல் துடைத்துக்கொண்டே இருந்தார். உணர்வு பிறகு திரும்பியது, சிலருக்குத் திரும்புவதில்லை. இம்மெய்யான ஆபத்தைப் பற்றி எவரும் பேசாமல், பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்ற பொய்யான அச்சத்தை ஊரே நம்பியது வியப்புக்குரியது. பல்லின் உணர்வு ஐந்தாம் மூளை நரம்பின் வழியும் பார்வை இரண்டாம் மூளை நரம்பின் வழியும் செல்வதால் இரண்டுக்கும் தொடர்பில்லை. ஞானப்பல் பின்னாலிருந்து தள்ளுவதால்தான் முன்பற்கள் கோணுகின்றன என்ற கருத்தும் அவ்வாறே வலுவிழந்துவிட்டது. 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று, எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் முன்பல் நெருக்கத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணவில்லை. முதல் கடைவாய்ப்பல்லைச் சிறுவயதிலேயே சொத்தைக்குப் பறிகொடுத்தவர்களுக்கு நேராக முளைத்த ஞானப்பல் ஒரு சேமிப்பு என்பதும் மறக்கத்தக்கதன்று.

அறைத்தோழரின் மகள் பட்டயப் படிப்பு முடித்த ஆண்டில், 19 வயதில், இடப்பக்கம் ஈறு வீங்கியதும் தகப்பனார் வீக்கம் வடியும்வரை மட்டுமே காத்திருந்து, கட்டுரையாளரையும் உடன் அழைத்துக்கொண்டு புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே எடுத்தது ஓ.பி.ஜி. எனப்படும் முழுத்தாடைப் படம். தலையைச் சுற்றி இயந்திரம் ஒரு வளைவு வந்து இரு தாடைகளையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் இம்முறையை உருவாக்கியவர் ஃபின்லாந்தின் பாட்டெரோ. கீழே இடப்பக்க ஞானப்பல் தகப்பனாருடையதைப் போலவே முன்சாய்ந்து அண்டைப் பல்லின் கழுத்தில் முட்டியிருந்தது, முட்டிய இடத்தில் மெல்லிய நிழல் ஒன்று விழத் தொடங்கியிருந்தது. வலப்பக்கப் பல் எலும்புக்குள் முழுதும் புதைந்து, வேர் நுனி நரம்புக் கால்வாயின்மேல் படிந்திருந்தது. இடப்பக்கத்தை எடுத்துவிடலாம், வலப்பக்கத்தை ஆண்டுக்கொரு படமெடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் கூறியபோது, தகப்பனார், "அடுத்த வருஷம் இவ எந்த ஊர்ல இருப்பான்னு எனக்கே தெரியாதுங்க டாக்டர்" என்றார். மகளுக்கு ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையொன்றில் வேலை உறுதியாகியிருந்தது.

மருத்துவர் சிறிது யோசித்து, படத்தின் பிரதியை அப்பெண்ணின் கைப்பேசியிலேயே ஏற்றச் செய்து, வலப்பக்கப் பல்லின் நிலையை இரண்டு வரியில் எழுதியும் கொடுத்து, எந்த ஊரில் எந்தப் பல் மருத்துவரிடம் வேண்டுமானாலும் இதைக் காட்டிப் புதிய படத்தோடு ஒப்பிடச் சொல்லலாம் என்றார். அந்த வாரமே இடப்பக்க ஞானப்பல் எடுக்கப்பட்டது. தையல் ஆறியபின் அண்டைப் பல்லின் பின்புறச் சொத்தை, பற்கூழை எட்டுமுன்பே சுரண்டி அடைக்கப்பட்டது. மறு ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் எடுத்த படத்தில் வலப்பக்கப் பல் இம்மியும் நகர்ந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் நின்ற பல்லின் பின்புற எலும்பும் குறையவில்லை.